தங்கையாவுக்கு நான் எழுதிய பொருள்

போன வாரம், என் பழைய பதிப்பகத்தில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண் என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். கவிதை ஒன்றைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டிருக்கிறாள். அது அரை நிமிடத்தில் இருபத்தேழு சொற்களுக்குப் பொருளும், அவை வந்த வழியும் எழுதிக் கொடுத்துவிட்டது. "அங்கிள், ஒரு சொல்லுக்கு நீங்க மூணு நாள் அலைவீங்களாமே, எதுக்கு அங்கிள்?" என்று கூடவே ஒரு குரல் பதிவு, சிரிப்போடு. நானும் சிரித்துக்கொண்டேதான் படத்தைப் பெரிதாக்கினேன். பதினான்காவது சொல்லைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. "தங்கையா: காட்டிக்கொடுப்பவன்" என்றிருந்தது. அது நான் எழுதியது. அடித்துத் திருத்தி, பசை போட்டு ஒட்டி மூடிய அதே வரி.

அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். கைப்பேசியில் தட்டி மாளவில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். ஒன்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இதில் கவிஞர் என்றால் கவிஞர், மேடம் என்றால் மேடம். யார் என்று கேட்க வேண்டாம். ஒரு மனிதருடைய பெயரை எழுத எனக்கு இப்போதெல்லாம் கை கூசுகிறது. ஒரே ஒரு பெயரை மட்டும் முழுதாக எழுதப் போகிறேன்.

பள்ளிப் புத்தகங்களும் கவிதைத் தொகுப்புகளும் போடும் பதிப்பகம் அது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், மாலை கட்டும் கடைக்கு மேல் மாடி. பிழை திருத்துபவனாகச் சேர்ந்தேன். முதல் ஆறேழு வருடம் கால் புள்ளி, அரைப் புள்ளியோடு போயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு, சொற்பொருள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த மேடம் என்னை அங்கே இழுத்துக்கொண்டார். பிரிவு என்றால் ஏதோ பெரிய இடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அட்டைகள் அடுக்கிய இழுப்பறை, நான், மேடம்.

எங்கள் வேலை, உள்ளூர்க் கவிஞர்களின் பாடல்களில் வரும் சொற்களுக்குப் புத்தகத்தின் கடைசியில் பொருள் எழுதுவது. தமிழ்நாட்டு அகராதியைப் புரட்டினால் பாதிச் சொல் கிடைக்காது. கித்தா என்றால் ரப்பர், மலாய்க்காரர்களின் கெத்தாவிலிருந்து வந்தது. பெரட்டு, தோட்டத்தில் விடிகாலை ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் இடம். இந்த மாதிரிச் சொற்களுக்கு ஆளைத்தான் தேடிப் போக வேண்டும்.

சொல்லுக்கு ஓர் அட்டை. அட்டையில் நான்கு கோடு: சொல், பொருள், எங்கிருந்து வந்தது, யார் சொன்னது. நான்காவது கோட்டில் இரண்டு பேர் இருந்தாக வேண்டும். இரண்டு பேரும் வெவ்வேறு ஊர், சொந்தக்காரர்களாக இருக்கக் கூடாது. கவிதை வரியை அவர்களிடம் முதலில் காட்டக் கூடாது. சொல்லை மட்டும் சொல்லி, "இதை எப்போ சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு தடவை பெரட்டுக்குக் "காலை அணிவகுப்பு" என்று எழுதி எடுத்துக்கொண்டு சாலாக் செலாத்தானில் ஓர் அம்மாவிடம் போனேன். அந்தம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "அணிவகுப்பா? நாங்க என்னா பட்டாளமா? பேரு கூப்பிடுறப்போ ஆளு இல்லைன்னா அன்னைக்கு வேலை கிடையாது, அவ்ளோதான் லா." அப்படியே எழுதினேன்.

மேடம் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. அட்டையைக் கையில் வாங்குவார், மூக்குக் கண்ணாடியை இறக்குவார், பென்சிலைக் காதில் செருகிக்கொள்வார். எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "யார் சொன்னது?" இரண்டு பேரைச் சொல்ல முடியவில்லை என்றால் அட்டை மேசைமேல் குப்புறப் போகும். குப்புறக் கிடக்கும் அட்டையை நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டும். எத்தனை நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்! பொம்பளைக்கு இதே பொழப்பு என்று டீக்கடையில் சொல்லியும் இருக்கிறேன். அந்தப் பாவமும் சேர்ந்துதான் பின்னால் வந்து விடிந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் இருக்கையில், இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கவிஞரின் பாடல் தொகுப்பு ஒன்று போட்டோம். கவிஞர் கிள்ளானில் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்தவர், மேடையில் அவர் பாடினால் கூட்டம் எழுந்து நிற்கும். தோட்டத்து வேலைநிறுத்தம் பற்றி இளம் வயதில் அவர் எழுதிய பாட்டுத்தான் அந்தத் தொகுப்பின் மகுடம். அதில் இரண்டு வரி:

சங்கம் கூடிய சேதி யெல்லாம்
தங்கையா வாயால் துரைக்குப் போச்சு

கூட்டம் நடந்த இடம் நிர்வாகத்துக்குத் தெரிந்து, முன்னால் நின்றவர்களின் குடும்பங்களை லயத்து வீடுகளிலிருந்து வெளியே தள்ளினார்கள் என்று பாட்டு போகும். கேட்டால் வயிறு எரியும். "தங்கையா வேலை பண்ணாத லா" என்று எங்கள் ஆட்கள் பேச்சிலும் சொல்வார்கள். கூட இருந்துகொண்டே போட்டுக்கொடுப்பவனுக்கு அந்தப் பெயர்.

அட்டை போட்டேன். முதல் சாட்சி செலாயாங் மொத்தச் சந்தையில் லோரி ஓட்டும் ஓர் அண்ணன். "தங்கையாவா? காட்டிக்கொடுக்கிறவன்" என்றார் பட்டென்று. இரண்டாவது, கிள்ளானில் கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கும் ஓர் அக்கா. அவரும் அதையே சொன்னார், கூடவே காறித் துப்பினார். இரண்டு ஊர், இரண்டு பேர், சொந்தமில்லை. மேடத்தின் சட்டம் ஒன்றுகூட மீறவில்லை. பொருள்: காட்டிக்கொடுப்பவன். வந்த வழி: தோட்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களைக் காட்டிக்கொடுத்த தங்கையா என்பவனின் பெயரிலிருந்து வந்தது. "என்பவன்" என்று ஒருமையில் எழுதினேன். துரோகிக்கு என்ன மரியாதை என்ற நினைப்பு.

புத்தகம் பள்ளிகளுக்குப் போய் நாலைந்து மாதம் இருக்கும். ஒருநாள் காலை, ஒரு பெரியவர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். எண்பதைத் தாண்டிய வயது. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். மூச்சு வாங்கியது. கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் எங்கள் புத்தகம்.

"இதுல பின்னாடி அர்த்தம் எழுதினது யாரு பாஸ்?"

எனக்கு ஒரே பெருமை. பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு யாரோ விளக்கம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "நான்தான் அண்ணே, உக்காருங்க" என்றேன்.

அவர் உட்காரவில்லை. புத்தகத்தை எடுத்து, மூலை மடித்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, என் வரிமேல் விரலை வைத்தார். "நான்தான் தம்பி இந்தத் தங்கையா" என்றார்.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. "நீங்க இன்னும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். முப்பது வருடம் சொற்களோடு இருந்தவன், அட்டையில் எழுதிய ஒரு சொல் சட்டை போட்டுக்கொண்டு படியேறி வரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மேடம்தான் எழுந்து வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். பெரியவர் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். பிறப்புப் பத்திரத்தில் அவர் பெயர் ராஜு. தோட்டத்தில் எல்லோரும் கூப்பிட்டது தங்கையா. வேலைநிறுத்தம் நடந்தபோது அவருக்கு இருபது வயது. யார் போய்ச் சொன்னது என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்ற பிறகு போர்ட் கிள்ளானுக்கு வந்து கிடங்கில் மூட்டை தூக்கினார். ஒருநாள் சாப்பாட்டுக் கடையில் வானொலி பாடியது. அதில் தன் பெயர் வந்தது.

"நான் சோத்துல கைய வெச்சிருந்தேன் தம்பி. பக்கத்துல இருந்தவன், 'டேய், உன் பேரு டா'ன்னு சிரிச்சான். மறுநாளிலேருந்து யாரு கேட்டாலும் ராஜுன்னு சொல்லிட்டேன். என் பிள்ளைங்களுக்கே ராஜுதான். பொண்டாட்டிக்கு மட்டும் தெரியும், அவளும் போயிட்டா."

"இப்ப என்ன அண்ணே ஆச்சு?" என்று மேடம் கேட்டார்.

"பேத்தி படிக்குது. நாலாம் பாரம், பதினாறு வயசு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுது. கூடத்துல நடந்துக்கிட்டே, தங்கையா காட்டிக்கொடுப்பவன், தங்கையா காட்டிக்கொடுப்பவன்னு. நான் அங்கேயேதான் உக்காந்திருக்கேன்."



அவர் கேட்டது ஒன்றுதான். மன்னிப்பு வேண்டாம், பேப்பரில் போட வேண்டாம். "நான் இன்னும் எத்தனை நாளு? செத்தா பேப்பர்ல போடுவாங்க. ராஜுன்னு போட்டா யாருக்குத் தெரியும்? என் கூட வேலை செஞ்சவன், என் கூட ஓடியாடினவன் எல்லாம் எங்கெங்கேயோ இருக்கான். தங்கையான்னு போட்டாத்தானே வந்து ஒரு கை மண்ணு போடுவான்? ஆனா இந்தப் புஸ்தகம் வீட்டுல இருக்கிற வரைக்கும் அந்தப் பேரை எப்படிப் போடச் சொல்றது? அதுக்கு முன்னாடி அர்த்தத்தை மாத்திடுங்கம்மா."

அவர் போன பிறகு மேடம் இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்தார். கண்ணாடியை இறக்கினார். "யார் சொன்னது?" என்றார். இரண்டு பேரையும் சொன்னேன். வழக்கமாக அதோடு முடியும். அன்றைக்கு இன்னொன்று கேட்டார்.

"அவங்களுக்கு யார் சொன்னது?"

அப்படி ஒரு கோடு எங்கள் அட்டையில் இருந்ததே இல்லை.

மறுநாளே செலாயாங் போனேன். லோரி அண்ணன் கத்தரிக்காய்க் கூடை இறக்கிக்கொண்டிருந்தார். "தங்கையா சங்கதி உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்? நீங்க அந்தத் தோட்டமா?" என்றேன். "நான் எங்க தோட்டத்துல இருந்தேன்? கோலாலம்பூர்லயே பொறந்தவன் லா. ரேடியோல அந்தப் பாட்டு வருமே" என்றார். கிள்ளான் அக்காவுக்கு மகள் பள்ளிப் போட்டியில் அதே பாட்டைப் பாடியிருக்கிறாள். இரண்டு ஊர், இரண்டு பேர், ஒரே பாட்டு. பாட்டுக்குப் பொருள் கேட்டுப் பாட்டிடமே போய் நின்றிருக்கிறேன். கோயில் வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த அக்கா பயந்துபோய் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

அங்கிருந்து கவிஞர் வீடு பக்கம். கூடம் முழுக்கப் பொன்னாடையும் கேடயமும். மனிதர் அன்பானவர், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வரவழைத்து, வடையை என் பக்கம் தள்ளி, "என்னா, புஸ்தகம் நல்லாப் போகுதா?" என்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, வேலைநிறுத்தத்துல காட்டிக்கொடுத்தது தங்கையாதான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் வடையைப் பிட்டுக்கொண்டே யோசித்தார். "யாரு சொல்லணும்? எவனோ ஒருத்தன் துரைகிட்டப் போயிச் சொல்லியிருக்கான். எவன்னு கண்டுபிடிக்கவே முடியலையே. நான் அப்ப சின்னப் பையன். சங்கம்னு வரி ஆரம்பிச்சிட்டேன். அடுத்த வரிக்கு எதுகை வேணும், 'ங்' வந்தாகணும். பக்கத்து லயத்துல தங்கையான்னு ஒருத்தன் இருந்தான். சரியா உக்காந்துச்சு."

நான் சரியாகக் கேட்டேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது. "எதுகைக்காகவா?" என்றேன்.

"ஆமா லா. முனியாண்டின்னு போட்டா நிக்குமா? ஓசை செத்துடும்." சங்கம், தங்கையா என்று தொடையில் தாளம் தட்டிக் காட்டினார். கண்ணில் துளிக் குற்றமும் இல்லை. நல்ல வரி விழுந்த அன்றைய சந்தோஷம் அப்படியே இருந்தது.

"அவர் உயிரோட இருக்காரு ஐயா. போர்ட் கிள்ளான்ல."

தாளம் நின்றது. "நல்லா இருக்கானா?" என்று கேட்டார். பையிலிருந்து புது அட்டை எடுத்து, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி நீட்டினேன். மறுப்பார் என்று நினைத்தேன். வாங்கிப் படித்து, "இதுல என்னா இருக்கு, எதுகைன்னே போடு. பாட்டை மட்டும் மாத்தச் சொல்லாத" என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தை விட அவர் அதைப் போட்ட வேகம்தான் என்னை உலுக்கியது. திரும்பி வரும்போது ரயிலில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

மேடம் அந்த அட்டையை இரண்டு தடவை படித்தார். குப்புறப் போடவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, கீழே ஐந்தாவதாக ஒரு கோடு போட்டு, "அவருக்கு யார் சொன்னது" என்று எழுதி, பக்கத்தில் "யாரும் இல்லை" என்று எழுதினார். "நானும்தானே பார்த்துப் பாஸ் பண்ணினேன்" என்றார். நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

முதலாளிக்குக் கவிஞர் கோபித்துக்கொள்வாரே என்று பயம். மேடம் கையெழுத்தைக் காட்டினார். மறுபதிப்பு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. அதுவரை பெரியவர் இருக்க வேண்டுமே! பிழைதிருத்தச் சீட்டு அடித்துவிடுவது என்று மேடம் முடிவு செய்தார். விற்காமல் கிடங்கில் இருந்த புத்தகங்களில் நானும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினோம். வாங்கிப்போன பள்ளிகளுக்குத் தபாலில் அனுப்பினோம். ஒட்டினார்களா, குப்பையில் போட்டார்களா, தெரியாது. சீட்டில் இவ்வளவுதான் இருந்தது: "தங்கையா என்பதற்குக் காட்டிக்கொடுப்பவன் என்று பொருள் தந்தது பிழை. அது ஒரு மனிதரின் பெயர். எதுகைக்காகப் பாட்டில் இடப்பட்டது என்று கவிஞரே உறுதி செய்திருக்கிறார். தங்கையா யாரையும் காட்டிக்கொடுத்தார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை." "கொடுத்தார்" என்று மரியாதையாக எழுதினேன். அதுதான் என்னால் முடிந்தது.

முதல் சீட்டை நானே போர்ட் கிள்ளானுக்குக் கொண்டுபோனேன். அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. பெரியவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சீட்டை மெதுவாகப் படித்துக் காட்டினேன். பேத்தியைக் கூப்பிட்டார். பள்ளிச் சீருடையோடு வந்த அந்தப் பெண், புத்தகத்தை எடுத்து, ஓரம் கோணாமல் ஒட்டி, தானும் ஒரு தடவை சத்தமாகப் படித்தது.

"ஐயோ பாவம். யாரு தாத்தா இந்தத் தங்கையா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இதற்காகத்தானே அத்தனை படி ஏறி வந்தார்.

"தெரியலம்மா" என்றார். "யாரோ."

வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது தம்பி. ரொம்ப நாளு ஆயிடுச்சு இல்ல" என்றார். திரும்பி வந்து, அர்த்தத்தை மாற்றிவிட்டோம், ஆளை மாற்ற முடியவில்லையே என்று மேடத்திடம் சொன்னேன்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். போன வருடம் ஒருநாள் காலை, பசியாறிக்கொண்டே பேப்பரில் இரங்கல் பக்கத்தைப் புரட்டினேன். எங்கள் வயதில் அதைத்தான் முதலில் பார்க்கிறோம். அந்தப் படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த தோசை தட்டில் விழுந்தது. கழுத்துப் பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. கீழே கொட்டை எழுத்தில்: ராஜு (எ) தங்கையா.

உடனே கிளம்பினேன். அடுக்குமாடிக்குக் கீழே கூடாரம் போட்டிருந்தார்கள். நான் நினைத்ததை விடக் கூட்டம். கைத்தடி ஊன்றியவர்கள், பேரன் கையைப் பிடித்து வந்தவர்கள் என்று நிறையக் கிழவர்கள். ஒரு வேனே வந்திருந்தது. பேத்தி என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

"அங்கிள், பேரு நான்தான் போடச் சொன்னேன். அப்பாவுக்கே தெரியாது."

"உனக்கு எப்படிம்மா தெரியும்? தாத்தா சொன்னாரா?"

"சொல்லலை. ஆனா நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து அந்தச் சீட்டைப் படிக்கச் சொல்வாரு. வாரத்துல ரெண்டு மூணு தடவை. நான் படிப்பேன், அவரு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாரு. யாரோ ஒருத்தருக்காக யாராச்சும் அப்படி அழுவாங்களா அங்கிள்?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். அப்போதுதான் பின்னால் அந்தக் குரல் கேட்டது. வேனில் வந்த ஒரு கிழவர், காது மந்தம் போலிருக்கிறது, பக்கத்தில் இருப்பவரிடம் ஊருக்கே கேட்கும்படி பேசினார்.

"நம்ம தங்கையா நல்லவன்தான். ஆனா அன்னைக்குத் துரைகிட்டப் போயிச் சொன்னவன் இவன்தானே?"

அத்தனை சீட்டு ஒட்டியும், சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே, கூட ஓடியாடியவன் வாயிலேயே வந்து நிற்கிறதே!

பேத்தி என்னை விட்டுவிட்டு நேராக அவரிடம் போனாள். குனிந்து, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"யாரு சொன்னா தாத்தா?"

கிழவர் வாயைத் திறந்தார். சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். "எல்லாரும் சொல்றதுதானே..." என்று இழுத்தார். பிறகு, "பாட்டுல வருதே ஆயி" என்றார்.

அவள் வீட்டுக்குள் போய் அந்தப் பள்ளிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துக் கிழவரின் காதுப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்து, சீட்டு ஒட்டிய பக்கத்தைத் திறந்து, கூடாரத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி படிக்க ஆரம்பித்தாள்.